சீருடை களைந்த பின்னரும் தொடரும் துப்பாக்கி உரிமை
அமெரிக்காவில் ஓய்வுபெற்ற பொலிஸாருக்கான விசேட சட்டம்: ஒரு விளக்கம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தையும் நியூஜேர்சி மாநிலத்தையும் டெலவெயார் நதி பிரிக்கின்றது. பிலடெல்பியா நகரிலிருந்து நதியின் மீதுள்ள பாலத்தைக் கடந்து நியூஜேர்சியின் கம்டன் நகரைச் சென்றடைவதற்குச் சில நிமிடங்களே போதும். ஆனால், பிலடெல்பியா பொலிஸில் முப்பதாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர், தமது மாநிலத்தின் அனுமதிப்பத்திரத்துடன் கைத்துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு 2004 ஆம் ஆண்டுக்கு முன்னர் அப்பாலத்தைக் கடந்திருப்பாரானால், நதியின் ஒரு கரையில் சட்டத்தை மதிக்கும் பிரஜையாகவும் மறு கரையில் சிறைத்தண்டனைக்குரிய குற்றவாளியாகவும் அவர் கருதப்பட்டிருப்பார்.

இந்நிலையை மாற்றியமைத்த சட்டமே 2004 ஆம் ஆண்டின் 'சட்ட அமுலாக்க உத்தியோகத்தர் பாதுகாப்புச் சட்டம்' ஆகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு 'லியோசா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இச்சட்டம், தகுதியுள்ள ஓய்வுபெற்ற பொலிஸ் உத்தியோகத்தர் எவரும் உரிய அடையாள அட்டையுடன் நாட்டின் எந்த மாநிலத்திலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கு வழிவகுத்தது. மேலோட்டமாக நோக்கும்போது இது ஒரு தொழிற்றுறையினருக்கு வழங்கப்பட்ட சிறு சலுகையாகவே தோன்றும். எனினும், பொலிஸ்காரரின் கையிலுள்ள ஆயுதம் அவர் வகித்த பதவிக்கு உரியதா, அன்றி அவருக்கே உரியதா என்ற அடிப்படைக் கேள்வியை இச்சட்டம் எழுப்பியுள்ளது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கேள்விக்கு முடிவான விடை கிட்டவில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட சட்டங்கள்

அமெரிக்காவில் பொலிஸ் துறை என்பது மத்தியில் ஒரு பொலிஸ்மா அதிபரின் கீழ் இயங்கும் ஒரே அமைப்பு அன்று. மாநகரங்கள், மாவட்டங்கள், மாநிலங்கள், பல்கலைக்கழகங்கள், சமஷ்டி அரசின் திணைக்களங்கள் எனச் சுமார் 18,000 அமைப்புகள் அங்கு சட்ட அமுலாக்கப் பணியில் ஈடுபட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீருடை, தனித்தனிச் சின்னம், தனித்தனி அடையாள அட்டை என்பன உண்டு. ஒரு நகரத்தின் பொலிஸ் உத்தியோகத்தருக்கு அடுத்த மாநிலத்தில் எவ்வித அதிகாரமும் கிடையாது.

துப்பாக்கிகள் பற்றிய சட்டங்களும் அவ்வாறே மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. 2004 ஆம் ஆண்டில் வேர்மொண்ட் மாநிலத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்கு அனுமதிப்பத்திரமே தேவைப்படவில்லை. அதே வேளையில் இலினோய், விஸ்கொன்சின் போன்ற மாநிலங்களில் சாதாரண பிரஜைகளுக்கு அத்தகைய அனுமதியை வழங்கும் ஏற்பாடே இருக்கவில்லை. நியூயோர்க், நியூஜேர்சி, மேரிலாந்து, கலிபோர்னியா ஆகிய மாநிலங்களில் அனுமதி கோருபவர் தமக்குரிய விசேட தேவையை எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. அதனை ஏற்பதும் மறுப்பதும் அதிகாரிகளின் விருப்பைப் பொறுத்ததாக இருந்தது. ஒரு மாநிலம் வழங்கிய அனுமதிப்பத்திரத்தை மற்றொரு மாநிலம் மதிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இத்தகைய சூழலில் ஓய்வுபெற்ற பொலிஸாரின் நிலை சிக்கலானதாக இருந்தது. பணியிலுள்ள காலத்தில் கொலைகாரர்களையும் போதைப்பொருள் கடத்தல்காரர்களையும் கைது செய்து சிறைக்கு அனுப்பிய ஒருவர், ஓய்வுபெறும் நாளன்று ஆயுதத்தையும் ஒப்படைத்துவிட்டு வீடு செல்கின்றார். ஆனால், அவரால் சிறைக்கு அனுப்பப்பட்டவர்கள் தண்டனைக் காலம் முடிந்து வெளியே வரும்போது அவரது முகத்தை மறந்துவிடுவதில்லை. அவரது பகைமைகள் அவருடன் ஓய்வுபெறுவதில்லை என்பதே இச்சட்டத்தை வேண்டி நின்றோரின் முதன்மையான வாதமாகும். இரண்டாவது வாதம், 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களின் பின்னர் வலுப்பெற்றது. பயிற்சி பெற்ற பல்லாயிரக்கணக்கானோர் அரசாங்கத்துக்கு எவ்விதச் செலவுமின்றி மக்கள் மத்தியில் ஆயுதத்துடன் நடமாடுவது பொதுப் பாதுகாப்புக்கு உதவும் என அவர்கள் கூறினர்.

சட்டமூலம் கடந்து வந்த பாதை

கலிபோர்னியாவைச் சேர்ந்த குடியரசுக் கட்சிப் பிரதிநிதி ரண்டி கனிங்ஹாம் 1990களிலிருந்தே இந்நோக்கத்துக்கான சட்டமூலத்தைப் பிரதிநிதிகள் சபையில் பல தடவைகள் முன்வைத்து வந்தார். அதன் இலக்கமான 'எச்.ஆர். 218' என்பது இன்றும் பொலிஸார் மத்தியில் சட்டத்தின் மறுபெயராகவே வழங்கி வருகின்றது. செனட் சபையில் குடியரசுக் கட்சியின் பென் நைட்ஹோர்ஸ் கம்பெல்லும் ஜனநாயகக் கட்சியின் பற்றிக் லேஹியும் இதற்கு ஆதரவளித்தனர். துப்பாக்கி தொடர்பான விடயங்களில் எப்போதும் எதிரெதிராக நிற்கும் இரு கட்சிகளும் இவ்விடயத்தில் கைகோத்தமை குறிப்பிடத்தக்கது.

எதிர்ப்பும் எதிர்பாராத இடங்களிலிருந்து வந்தது. சாதாரண பொலிஸ் உத்தியோகத்தர்களின் பெரும் அமைப்பான பொலிஸ் சகோதரத்துவ சங்கம் சட்டமூலத்தை வலுவாக ஆதரித்த வேளையில், பொலிஸ் பிரதானிகளின் சர்வதேச சங்கம் அதனை எதிர்த்தது. தமது கட்டுப்பாட்டில் இல்லாத, தாம் பயிற்சியளிக்காத ஆயுதபாணிகள் தமது நகர வீதிகளில் நடமாடுவதைப் பிரதானிகள் விரும்பவில்லை. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வலியுறுத்தி வந்த செனட்டர் எட்வர்ட் கென்னடி எதிர்த்ததில் வியப்பில்லை. ஆனால், பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுவுக்குத் தலைமை தாங்கிய குடியரசுக் கட்சியின் ஜேம்ஸ் சென்சன்பிரென்னரும், மாநிலங்களின் அதிகாரத்தில் மத்தி தலையிடுவதாகக் கூறி அதனை எதிர்த்தார். மாநில உரிமைக்காகக் குரல்கொடுக்கும் கட்சி, தனக்கு விருப்பமான விடயமென்றால் மாநிலங்களின் சட்டங்களை மத்தியிலிருந்து ஒதுக்கித் தள்ளத் தயங்குவதில்லை என்ற விமர்சனத்துக்கும் இது இடமளித்தது.

2004 ஜூன் மாதத்தில் பிரதிநிதிகள் சபையும் ஜூலை மாதத்தில் செனட் சபையும் சட்டமூலத்தை நிறைவேற்றின. ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் 2004 ஜூலை 22 ஆம் திகதி அதில் கையெழுத்திட்டார். இச்சட்டத்தின் மூலகர்த்தாவான கனிங்ஹாம் அடுத்த ஆண்டிலேயே இலஞ்சக் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டு பதவி விலகியதும், 2006 ஆம் ஆண்டில் எட்டாண்டுகளும் நான்கு மாதங்களும் கொண்ட சிறைத்தண்டனை பெற்றதும் விதியின் விளையாட்டே எனலாம். பாரிய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதைச் சமஷ்டிச் சட்டம் தடை செய்கின்றது. பிறருக்கு அந்த உரிமையைப் பெற்றுக்கொடுத்தவர், தாமே அதனை இழந்து நின்றார்.

தகுதியுடையோர் யாவர்?

சட்டம் இரு பிரிவினரைப் பற்றிக் கூறுகின்றது. முதலாமவர்கள் சேவையிலுள்ள பொலிஸார். இவர்கள் கடமையில் இல்லாத வேளையிலும் ஏனைய மாநிலங்களில் துப்பாக்கி வைத்திருக்கலாம். இரண்டாமவர்கள் சேவையிலிருந்து நீங்கியோர். இவர்களுக்கான நிபந்தனைகள் சற்றுக் கடுமையானவை.

முதலாவதாக, அவர் நற்பெயருடன் சேவையிலிருந்து நீங்கியிருக்க வேண்டும். இரண்டாவதாக, குற்றங்களைத் தடுத்தல், கண்டுபிடித்தல், விசாரித்தல், வழக்குத் தொடுத்தல், குற்றவாளிகளைச் சிறையில் வைத்திருத்தல் ஆகியவற்றுள் ஒன்றில் அவர் ஈடுபட்டிருக்க வேண்டும் என்பதுடன், கைது செய்வதற்கான சட்டபூர்வ அதிகாரத்தையும் கொண்டிருந்திருக்க வேண்டும். மூன்றாவதாக, 2004 ஆம் ஆண்டின் மூலச் சட்டப்படி மொத்தமாகப் 15 ஆண்டுகள் சேவையாற்றியிருக்க வேண்டும். தகுதிகாண் காலத்தை முடித்த பின்னர் கடமையால் ஏற்பட்ட ஊனத்தின் காரணமாக விலகியவருக்கு இக்கால வரையறை இல்லை. நான்காவதாக, உளநிலைக் காரணங்களால் அவர் தகுதியற்றவராகக் காணப்பட்டிருத்தல் கூடாது. ஐந்தாவதாக, சமஷ்டிச் சட்டத்தால் துப்பாக்கி வைத்திருக்கத் தடை விதிக்கப்பட்டவராக அவர் இருத்தலாகாது. குடும்ப வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட எவரும், குற்றம் சிறியதாயினும், துப்பாக்கி வைத்திருக்க முடியாது என 1996 ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட விதி பொலிஸாருக்கும் பொருந்தும்.

இவற்றுக்கு மேலாக, மதுவோ போதைப்பொருளோ அருந்திய நிலையில் துப்பாக்கியை எடுத்துச் செல்பவருக்கு இச்சட்டத்தின் பாதுகாப்புக் கிடையாது. இயந்திரத் துப்பாக்கி, ஒலியடக்கி, வெடிகுண்டு போன்ற அழிவுச் சாதனங்கள் ஆகியவற்றுக்கும் சட்டம் இடமளிக்கவில்லை.

அட்டையே ஆதாரம்

மேற்கூறிய தகுதிகள் யாவும் ஒருவரிடம் இருந்தாலும், அவற்றை நிரூபிக்கும் ஆவணங்கள் சட்டைப்பையில் இல்லாவிட்டால் பயனில்லை. இச்சட்டத்தின் உயிர்நாடி அடையாள அட்டைதான். இரண்டு வழிகளில் ஒன்றை அது அனுமதிக்கின்றது.

முதல் வழி, முன்னர் பணியாற்றிய பொலிஸ் அமைப்பே புகைப்படத்துடன் கூடிய அட்டையை வழங்குவதாகும். சேவையிலுள்ள பொலிஸாருக்குரிய சுடுதிறன் சோதனையில் கடந்த ஓராண்டுக்குள் அவர் சித்தியடைந்துள்ளார் என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது வழியில் இரு ஆவணங்கள் தேவை. ஒன்று, முன்னாள் உத்தியோகத்தர் என்பதை உறுதிப்படுத்தும் புகைப்பட அட்டை. அதனை முன்னைய அமைப்பே வழங்க வேண்டும். மற்றையது, அவர் தற்போது வசிக்கும் மாநிலமோ அங்குள்ள தகுதிபெற்ற துப்பாக்கிப் பயிற்றுநரோ வழங்கும் சுடுதிறன் சான்றிதழ். நியூயோர்க்கில் பணியாற்றிவிட்டுப் புளோரிடாவில் குடியேறும் ஒருவர் சோதனைக்காக ஒவ்வொரு ஆண்டும் நியூயோர்க் செல்ல வேண்டிய சிரமத்தை இவ்வழி நீக்குகின்றது. சோதனைக்கான செலவை ஓய்வுபெற்றவரே ஏற்க வேண்டும். சோதனை எவ்வகைத் துப்பாக்கியைக் கொண்டு நடைபெற்றதோ அவ்வகைத் துப்பாக்கியையே அவர் எடுத்துச் செல்லலாம் என்பதும் கவனிக்கத்தக்கது.

இங்குதான் நடைமுறைச் சிக்கல் ஆரம்பமாகின்றது. இச்சட்டத்தை நிர்வகிப்பதற்கென மத்தியில் எந்தவொரு திணைக்களமும் ஏற்படுத்தப்படவில்லை. நாடு முழுவதற்கும் பொதுவான அட்டை வடிவம் இல்லை. அட்டை பெற்றோரின் பொதுப் பதிவேடும் இல்லை. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் வாகனமொன்றை மறிக்கும் இளம் பொலிஸ் உத்தியோகத்தர், ஆயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள சிறு நகரமொன்றின் பொலிஸ் அட்டையை மின்சூள் வெளிச்சத்தில் பார்த்து, அது உண்மையானதா, ஓராண்டுக்கு உட்பட்டதா என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

அதனைவிடப் பெரிய சிக்கல், அட்டையை வழங்குமாறு பொலிஸ் அமைப்புகளைச் சட்டம் வெளிப்படையாகக் கட்டாயப்படுத்தவில்லை என்பதாகும். உரிமையை மத்திய அரசு வழங்கியது. ஆனால் அதன் திறவுகோலை முன்னாள் எசமானரின் கையிலேயே விட்டுவிட்டது. மேலதிகாரியுடன் முரண்பட்டு வெளியேறியவர், நிர்வாகத்தின் தவறுகளைச் சுட்டிக்காட்டியவர், வழக்குச் செலவுக்கு அஞ்சும் சிறு நகரசபையில் பணியாற்றியவர் ஆகியோரின் நிலை இதனால் பரிதாபத்துக்குரியதாகலாம்.

சட்டம் வழங்காதவை

இச்சட்டத்தைப் பற்றிப் பொதுமக்களிடையே மட்டுமன்றி ஓய்வுபெற்ற பொலிஸாரிடையேயும் தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. ஓய்வுபெற்றவருக்கு இது கைது செய்யும் அதிகாரத்தை வழங்கவில்லை. அவர் பொலிஸ்காரராக மீண்டும் மாறிவிடுவதுமில்லை. துப்பாக்கியை எடுத்துச் சென்றமைக்காக மட்டும் மாநிலச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்படமாட்டார் என்பதே அவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. அத்துப்பாக்கியால் சுட்டால், சட்டத்தின் முன் அவர் ஏனைய பிரஜைகளைப் போன்றவரே.

இரு விடயங்களில் மாநிலங்களின் அதிகாரம் அப்படியே விடப்பட்டுள்ளது. தனியார் தமது இடங்களில் ஆயுதங்களைத் தடை செய்வதற்கு அனுமதிக்கும் மாநிலச் சட்டம் செல்லுபடியாகும். மாநில அரசினதும் உள்ளூராட்சிச் சபைகளினதும் கட்டடங்கள், பூங்காக்கள் முதலியவற்றில் ஆயுதத்தைத் தடுக்கும் சட்டமும் செல்லுபடியாகும். மேலும், இச்சட்டம் மாநிலச் சட்டங்களை மட்டுமே மேவி நிற்கின்றது; சமஷ்டிச் சட்டங்களை அன்று. எனவே சமஷ்டி அரசின் அலுவலகங்களுக்குள்ளோ விமானத்துக்குள்ளோ ஓய்வுபெற்றவர் துப்பாக்கியைக் கொண்டு செல்ல முடியாது. பாடசாலையிலிருந்து 1,000 அடி தூரத்துக்குள் துப்பாக்கியைத் தடை செய்யும் சமஷ்டிச் சட்டத்திலிருந்தும் இது விலக்களிக்கவில்லை. நகரங்களில் வீதிக்கு வீதி பாடசாலைகள் அமைந்துள்ளமையால், உரிமை பெற்றவர் தம்மையறியாமலேயே குற்றம் புரியும் நிலை ஏற்படலாம்.

திருத்தங்களும் விரிவாக்கமும்

ஜனாதிபதி பராக் ஒபாமா 2010 ஒக்டோபர் 12 ஆம் திகதி கையெழுத்திட்ட திருத்தம், சேவைக்கால வரையறையைப் 15 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாகக் குறைத்தது. 'ஓய்வுபெற்றவர்' என்ற சொல்லுக்குப் பதிலாக 'சேவையிலிருந்து நீங்கியவர்' என்ற சொற்றொடர் இடம்பெற்றது. ஓய்வூதிய உரித்து இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் கைவிடப்பட்டது. அதாவது, முப்பது வயதுக்குச் சற்று மேற்பட்ட நிலையில் வேறு தொழிலை நாடிப் பொலிஸை விட்டு விலகியவரும் வாழ்நாள் முழுவதும் இவ்வுரிமைக்கு உரியவரானார். அம்ட்ராக் புகையிரத சேவையின் பொலிஸார், மத்திய வங்கியின் பொலிஸார் ஆகியோரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். 2013 ஜனவரியில் நிறைவேறிய மற்றொரு சட்டம், இராணுவப் பொலிஸாரையும் இதன் வரையறைக்குள் கொண்டுவந்தது.

முதுமையில் தற்காப்புக்கு என ஆரம்பித்த சலுகை, இவ்வாறு படிப்படியாக ஒரு வகுப்பினரின் நிலையான உரித்தாக விரிந்துள்ளமையை அவதானிக்கலாம்.

நீதிமன்றங்களின் முன்னே

அட்டையை மறுப்பது சட்டவிரோதமா என்ற கேள்வி நீதிமன்றங்களுக்குச் சென்றபோது, நீதிபதிகளிடையேயும் ஒருமித்த கருத்துக் காணப்படவில்லை. தலைநகர் வொஷிங்டனில் சிறைச்சாலை உத்தியோகத்தர்களாகக் கடமையாற்றி ஓய்வுபெற்ற சிலர், தமக்குக் கைது செய்யும் அதிகாரம் இருந்ததை உறுதிப்படுத்த நிர்வாகம் மறுத்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். இச்சட்டம் நீதிமன்றத்தால் நிலைநாட்டக்கூடிய தனிமனித உரிமையை வழங்குகின்றது என 2016 ஆம் ஆண்டில் அங்குள்ள சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. 2019 ஆம் ஆண்டிலும் அவர்களுக்குச் சார்பான தீர்ப்பை அது உறுதிப்படுத்தியது.

ஆனால் அதே 2019 ஆம் ஆண்டில், புளோரிடாவைச் சேர்ந்த முன்னாள் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரின் வழக்கை விசாரித்த மற்றொரு மேன்முறையீட்டு நீதிமன்றம், அட்டையைக் கோரிப் பெறும் உரிமை எதனையும் இச்சட்டம் வழங்கவில்லை எனத் தீர்ப்பளித்தது. 2020 ஆம் ஆண்டில் மேரிலாந்திலிருந்து எழுந்த வழக்கிலும், இச்சட்டத்தைக் கொண்டு மாநில அதிகாரிகள் மீது வழக்குத் தொடர முடியாது என்ற நிலைப்பாட்டையே வேறொரு மேன்முறையீட்டு நீதிமன்றம் எடுத்தது. இவ்வாறு, நாடு முழுவதற்கும் ஒரே விதியை ஏற்படுத்தப் பிறந்த சட்டம், எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் ஒருவர் வாழ்கின்றார் என்பதைப் பொறுத்து வெவ்வேறு பொருளைக் கொள்ளலாயிற்று.

நியூஜேர்சியில் விடயம் வேறு வடிவம் பெற்றது. அம்மாநிலம் ஓய்வுபெற்ற பொலிஸாருக்கென ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய தனி அனுமதிப்பத்திரத்தை நடைமுறைப்படுத்தி வந்தது. சமஷ்டிச் சட்டப்படி தகுதியிருந்தாலும் மாநில அனுமதியையும் பெற வேண்டும் என்பதே அதன் நிலைப்பாடு. அத்துடன், உடலுள் பாய்ந்ததும் விரிந்து பெருங்காயம் ஏற்படுத்தும் குழிமுனைத் தோட்டாக்களுக்கும் அங்கு கட்டுப்பாடு இருந்தது. இவ்விரு விடயங்களிலும் சமஷ்டிச் சட்டமே மேலோங்கி நிற்கும் என 2024 பெப்ரவரியில் மூன்றாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இக்கட்டுரையின் ஆரம்பத்தில் குறிப்பிட்ட டெலவெயார் நதிப் பாலத்தை ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் அச்சமின்றிக் கடப்பதற்குச் சட்டம் இயற்றப்பட்டு இருபதாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

கலிபோர்னியாவின் அனுபவம்

மாநிலங்கள் தமது சொந்தச் சட்டங்களின் மூலம் இவ்விடயத்தை எவ்வாறு கையாள்கின்றன என்பதற்குக் கலிபோர்னியா நல்ல உதாரணமாகும். கௌரவமாக ஓய்வுபெறும் உத்தியோகத்தருக்கு வழங்கப்படும் அடையாள அட்டையில், துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அங்கீகரிக்கப்பட்டவர் என்ற குறிப்புப் பொறிக்கப்படுகின்றது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்பட வேண்டும். உளவியற் காரணத்துக்காக ஓய்வுபெற்றவருக்கு அக்குறிப்பு வழங்கப்படுவதில்லை.

தகுந்த காரணமிருந்தால் பொலிஸ் பிரதானி அவ்வுரிமையை மறுக்கவோ மீளப்பெறவோ முடியும். ஆனால் பாதிக்கப்பட்டவர் விசாரணை கோரலாம். மூவர் கொண்ட சபை அதனை விசாரிக்கும்: ஒருவரைப் பொலிஸ் அமைப்பும், ஒருவரை ஓய்வுபெற்றவரோ அவரது தொழிற்சங்கமோ, மூன்றாமவரை இரு தரப்பும் இணைந்தும் தெரிவு செய்ய வேண்டும். சமஷ்டிச் சட்டத்தில் இல்லாத நியாயமான முறைமை இதுவாகும். மறுக்கும் அதிகாரம் உண்டு. மறுப்பை எதிர்த்து முறையிடும் வழியும் உண்டு.

அதே கலிபோர்னியா, ஓய்வுபெற்ற பொலிஸாருக்கு மற்றொரு சலுகையையும் வழங்கியிருந்தது. பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட தாக்குதல் ரகத் துப்பாக்கிகளை அவர்கள் வைத்திருக்கலாம் என்பதே அது. 2002 டிசெம்பரில் ஒன்பதாவது சுற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விலக்கை இரத்துச் செய்தது. கடமையிலுள்ள பொலிஸாருக்கு அவ்வாயுதம் தேவைப்படலாம். ஆனால் ஓய்வுபெற்றவர் கடமை எதனையும் ஆற்றுவதில்லையாதலால், அவரை ஏனைய பிரஜைகளிலிருந்து வேறுபடுத்துவதற்கு நியாயமான அடிப்படை இல்லை என்பதே அத்தீர்ப்பின் சாரம். கைத்துப்பாக்கியை விடயமாகக் கொண்ட 2004 ஆம் ஆண்டின் சட்டத்தை இத்தீர்ப்பு நேரடியாகப் பாதிக்கவில்லை. எனினும் அது எழுப்பிய கேள்வி அச்சட்டத்தையும் தொடர்ந்து வந்துள்ளது.

இரு முகங்கள்

இச்சலுகையின் நன்மை, தீமைகளை எடைபோடுவோர் முன்வைக்கும் சம்பவங்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. 2022 மே 14 ஆம் திகதி நியூயோர்க் மாநிலத்தின் பவலோ நகரிலுள்ள பல்பொருள் அங்காடியொன்றில் இனவெறி கொண்ட இளைஞன் ஒருவன் பத்துக் கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் ஒருவர், அந்நகரப் பொலிஸிலிருந்து ஓய்வுபெற்று அங்காடியின் காவலராகப் பணியாற்றியவர். கொலையாளியை நோக்கி அவர் சுட்ட குண்டு, அவன் அணிந்திருந்த கவச உடையில் பட்டுப் பயனற்றுப் போயிற்று. காவலர் என்ற வகையிலேயே அவர் ஆயுதம் தரித்திருந்தார் எனினும், பொலிஸ் பயிற்சி ஒருவரை ஆபத்தை நோக்கி நடக்க வைக்கின்றது என்பதற்கு அவரது மரணம் சான்றாகக் காட்டப்படுகின்றது.

மறுபுறத்தில், 2014 ஜனவரியில் புளோரிடாவின் தாம்பா நகருக்கு அண்மையிலுள்ள திரையரங்கில், படம் ஆரம்பமாகும் முன்னர் கையடக்கத் தொலைபேசியைப் பயன்படுத்தியமை தொடர்பாக எழுந்த வாக்குவாதம் முற்றி, முன்னாள் பொலிஸ் கப்டன் ஒருவர் முன்வரிசையில் இருந்தவரைச் சுட்டுக் கொன்றார். அவருக்கு அப்போது வயது 71. தற்காப்புக்காகவே சுட்டதாக அவர் கூறியதை ஏற்று 2022 ஆம் ஆண்டில் யூரிமார் அவரை விடுதலை செய்தனர். 2023 ஓகஸ்ட்டில் கலிபோர்னியாவின் மதுபான விடுதியொன்றில் ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர், பிரிந்து வாழ்ந்த தமது மனைவியைத் தேடிச் சென்று சுட்டதில் மூவர் உயிரிழந்தனர். பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் அவரும் மாண்டார்.

மூன்றாவது ஆபத்தையும் மறந்துவிடலாகாது. 2009 மே மாதத்தில் நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில், கடமை முடிந்து சீருடையின்றிச் சென்ற இளம் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர், தமது காரை உடைத்தவனைத் துப்பாக்கியுடன் துரத்தியபோது சக பொலிஸாராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டைப்பையில் அட்டை இருந்தாலும், கையில் துப்பாக்கியுடன் ஓடுபவரின் முகத்தில் அது எழுதப்பட்டிருப்பதில்லை. சேவையிலுள்ளவருக்கே இக்கதியென்றால், அந்நகரத்தில் எவருக்கும் அறிமுகமற்ற ஓய்வுபெற்றவரின் நிலை என்ன என்று பொலிஸ் பிரதானிகள் கேட்பதில் நியாயமுண்டு.

ஆண்டுக்கொரு முறை நடைபெறும் சோதனை, குறி தவறாமல் சுடும் திறனை அளவிடுகின்றது. கோபத்தையோ மனச்சோர்வையோ முதுமையின் மறதியையோ அது அளவிடுவதில்லை. சேவையிலுள்ளவரின் நடத்தையைக் கவனிக்க மேலதிகாரியும் சக ஊழியரும் உள்ளனர். ஓய்வுபெற்றவரை அவ்வாறு கவனிப்பவர் எவருமிலர். இச்சட்டத்தின் பாரிய குறைபாடு இதுவே எனலாம்.

மாறிவரும் சூழல்

2004 ஆம் ஆண்டில் விசேட சலுகையாக இருந்தது, இன்று அவ்வளவு விசேடமானதாக இல்லை. 2022 ஜூன் 23 ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம், விசேட தேவையை நிரூபிக்குமாறு கோரும் நியூயோர்க் மாநிலத்தின் அனுமதி முறையை அரசியலமைப்புக்கு முரணானதென அறிவித்தது. மறுபுறம், அனுமதிப்பத்திரமே இன்றித் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல இடமளிக்கும் மாநிலங்களின் எண்ணிக்கை 2024 ஆம் ஆண்டில் 29 ஆக உயர்ந்தது. சாதாரண பிரஜைக்கே பல மாநிலங்களில் கிடைக்கும் உரிமை, ஓய்வுபெற்ற பொலிஸாருக்கு மாநில எல்லைகளைக் கடந்து கிடைக்கின்றது என்பதே இன்று எஞ்சியுள்ள பிரதான வேறுபாடாகும்.

எனவேதான் சலுகையை மேலும் விரிவாக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. பாடசாலைச் சூழல், தேசியப் பூங்காக்கள், பொதுமக்கள் செல்லும் சில அரச கட்டடங்கள் ஆகியவற்றிலும் துப்பாக்கியை அனுமதிக்கவும், சுடுதிறன் சோதனையின் இடைவெளியை மூன்றாண்டுகள் வரை நீடிப்பதற்கு மாநிலங்களுக்கு இடமளிக்கவும் கோரும் சட்டமூலத்தைப் பிரதிநிதிகள் சபை 2024 மே மாதத்தில் நிறைவேற்றியது. அப்போது செனட் சபையில் அது நிறைவேறவில்லை. உரிமையின் எல்லை விரிய வேண்டும், அதேவேளை அதற்கான சோதனை தளர வேண்டும் என்ற இவ்விரு கோரிக்கைகளும் ஒரே சட்டமூலத்தில் இடம்பெற்றமை கூர்ந்து நோக்கத்தக்கது.

பதவியா, மனிதரா?

அரசு ஒருவரிடம் ஆயுதத்தை ஒப்படைக்கும்போது, அதனுடன் பொறுப்பையும் கட்டுப்பாட்டையும் சேர்த்தே ஒப்படைக்கின்றது. சீருடை, கட்டளை, ஒழுக்க விசாரணை, பொதுமக்களின் முறைப்பாடு ஆகிய அனைத்தும் அந்த ஆயுதத்தைச் சூழ்ந்து நிற்கும் வேலிகளாகும். ஓய்வுபெறும் நாளில் அவ்வேலிகள் யாவும் நீங்கிவிடுகின்றன. ஆயுதம் மட்டும் எஞ்சுகின்றது. நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவர் முதுமையில் அச்சத்துடன் வாழலாகாது என்பதும் நியாயமே. எவருடைய மேற்பார்வையிலும் இல்லாத ஆயுதபாணியைக் கண்டு சமூகம் அஞ்சுவதும் நியாயமே. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது கையளவான ஓர் அடையாள அட்டை மட்டுமே.

அந்த அட்டையை எவர் வழங்குவது, எவ்விதிப்படி மறுப்பது, மறுக்கப்பட்டவர் எங்கு சென்று முறையிடுவது, வழங்கப்பட்டவரின் தகுதியைத் தொடர்ந்து கவனிப்பது யார் என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடையளிக்காமல் சலுகையின் எல்லையை மட்டும் விரித்துச் செல்வது, ஓய்வுபெற்ற பொலிஸாருக்கும் நன்மை பயக்காது, பொதுமக்களுக்கும் பாதுகாப்பளிக்காது. விசாரணைச் சபையின் மூலம் கலிபோர்னியா காட்டிய வழியை மத்திய சட்டமும் பின்பற்றுமாயின், அந்த அட்டை வெறும் காகிதமாக அன்றி நம்பிக்கைக்குரிய சான்றாக அமையும்.